மாப்பிள்ளை கொண்டுவந்த பைனரி

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் நம் வெயிலைப் பழிப்பார்கள். அடுத்து நம் நெட்டைப் பழிப்பார்கள். அதற்கப்புறம் நாம் எழுதி வைத்திருக்கும் புரோகிராமைப் பழிப்பார்கள். எங்கள் முதலாளியின் மருமகன் மாடி ஏறி வந்த அன்று, காபி ஆறுவதற்குள் மூன்றையும் முடித்துவிட்டார்.

எங்கள் ஆபீஸ் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்குப் போயும் கத்துகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். முதலாளிக்கு விதை, உரம் மொத்த வியாபாரம். ஊருக்கு வெளியே சரக்கு அடுக்குகிற கிட்டங்கி இருக்கிறது. திருச்சுழிப் பக்கமும் காரியாபட்டிப் பக்கமும் கிராமங்களில் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் போனில் ஆர்டர் போடுவார்கள். அது மும்பையில் வாடகைக்கு எடுத்த சர்வருக்குப் போய், அங்கிருந்து எங்கள் கிட்டங்கியில் இருக்கும் திரையில் விழும். சைக்கிளில் போய்ச் சொல்லிவிடக்கூடிய கிட்டங்கிக்கு மும்பை வழியாகச் செய்தி போவதில் முதலாளிக்குப் பெரிய பெருமை.

இந்த ஏற்பாட்டை எழுதியவள் நான். ஆர்டரை எழுத்தாகவே அனுப்பும்படி எழுதியிருந்தேன். ஏஜெண்ட் யார், சரக்கு என்ன, அளவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பெயர் இருக்கும். வழியில் எங்கே திறந்து பார்த்தாலும் படிக்கலாம். பைனரி என்பது இதே செய்தியைப் பெயர்களையெல்லாம் உரித்துப் போட்டு, மிஷினுக்கு மட்டும் புரிகிற மாதிரி நசுக்கி அனுப்புவது. அளவில் சிறியது, வேகமும் கூடுதல். அதில் ஒரு குற்றமும் இல்லை. விநாடிக்கு லட்சம் செய்தி வருகிற இடத்தில் அது இல்லாமல் முடியாது. எங்களுக்கு ஒரு நாளில் வருகிற ஆர்டர்களையெல்லாம் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றினால் எல்லாவற்றுக்கும் உட்கார இடம் கிடைக்கும். அதற்குமேல் என்ன சொல்ல?

மாப்பிள்ளை என் திரையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டெக்ஸ்டாவா அனுப்புறீங்க? இன்னுமா?"

ஊரில் இன்னும் அடுப்பில் விறகு வைத்து எரிக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது அந்த "இன்னுமா".

"படிக்கிறதுக்கு லேசா இருக்கு சார். தப்பு வந்தா உடனே தெரிஞ்சிரும்."

"தப்பு ஏன் வருது?"

தப்பு ஏன் வருகிறது என்று கேட்கிற ஆளை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு சம்பளம் வாங்கி, இவ்வளவு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர்! அவர் புரோகிராம்கள் எல்லாம் தப்பே இல்லாமல் வயிற்றிலிருந்து பிறந்திருக்கும் போல.

முதலாளி மறுத்துப் பேச மாட்டார். மருமகன் பேச்சைத் தட்டினால் மகள் முகம் வாடும். மகள் முகம் வாடினால் முதலாளியம்மா சாப்பாட்டில் காட்டுவார். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மாப்பிள்ளைக்குப் பந்தியில் என்ன மரியாதையோ அதே மரியாதை சர்வரிலும் உண்டு.

"மாப்ளை சொல்றாகள்ல, செஞ்சிருவோம்மா. குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வருதுல்ல? நாளைக்கு அங்க இருந்து லோடு லோடா ஆர்டர் வந்தா உன் எழுத்து தாங்குமா?"

விதை விற்கிறவருக்கு ஜவுளிப் பூங்காவிலிருந்து எதற்கு ஆர்டர் வரும்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் மாப்பிள்ளையைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்.

இதெல்லாம் புரட்டாசியில் நடந்தது. அந்தச் சமயத்தில் எனக்கு ஆபீசை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. என் அண்ணன் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசலில் விவசாயம் பார்க்கிறான். அதற்கு முன்னால் பல வருசம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டினான். பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும் வீட்டுக்கு வருவான். அவன் மகள் அவனைப் பார்த்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று உள்ளே ஓடிய அன்று வேலையை விட்டுவிட்டு வந்தான். முதல் வருசம் சுமாராக விளைந்தது. போன வருசம் விதையை முன்கூட்டியே வாங்கி வீட்டில் அடுக்கினான்; மழை வரவில்லை. இந்த வருசம் கொத்தமல்லி போடுவதென்று முடிவு.

"மழை விழுகட்டும், அப்புறம் விதை வாங்குறேன். மூட்டைய வாங்கி வச்சிக்கிட்டு வானத்தப் பாக்குற பொழப்பு போதும்" என்றான். "மல்லி எந்திரிச்சா ஊரோட இருப்பேன். இல்லாட்டி வண்டியத் தூக்கிருவேன். கார்த்திகை பெறக்கிற வரைக்கும் எடம் வச்சிருக்கோம்னு கம்பெனில சொல்லியிருக்காக."

மதினி அப்போது அடுப்பங்கரையில் இருந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. அண்ணன் ஊரோடு இருப்பானா போவானா என்பது அந்த ஒரு மூட்டை கொத்தமல்லியில் இருந்தது. மூன்று ஏக்கருக்கு ஒரு மூட்டை போதும்.

மாப்பிள்ளை இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் பைனரிக்கு மாற்றினார். வேலைக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஏஜெண்டுகளின் போனில் தெரிகிற பக்கத்தை மட்டும் அப்படியே விட்டார். புதுசாக ஒன்றைக் காட்டினால் அவர்கள் போனையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும். அளவு எழுதுகிற கட்டத்தில் ஏஜெண்டுகள் வாய்க்கு வந்தபடி எழுதுவார்கள். "5", "ரெண்டு பை", "மூணு". என் காலத்தில் அது அப்படியே கிட்டங்கித் திரைக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் படித்து ஏற்றுவார்கள். பைனரியில் எண் மட்டும்தான் போகும். அதனால் எழுத்தை எண்ணாக மாற்ற ஒரு பட்டியல் செய்தார். ஒன்று, ஒண்ணு, ஒன்னு, இரண்டு, ரெண்டு என்று வரிசையாக அடுக்கியிருந்தார்.

"லோக்கல் பேச்சு எல்லாம் சேர்த்தாச்சு" என்று எனக்குக் காட்டினார். அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. தமிழுக்கே அகராதி போட்ட மாதிரி.

தொடக்க நாளில் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். முதல் ஆர்டரை முதலாளியே தன் போனிலிருந்து போட்டார். சோதனைக்குப் போடுகிற ஆர்டராகவே இருந்தாலும், மங்கலமாக இருக்கட்டும் என்று பதினொன்று போட்டார். அடுத்து முதலாளியம்மா ஐம்பத்தொன்று போட்டார். கிட்டங்கித் திரையில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. முன்பும் கண்ணிமைக்கும் நேரத்தில்தான் வந்தது. இப்போது அதில் பாதி கண்ணிமைக்கும் நேரமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கேசரி நன்றாக இருந்தது.

அதோடு ஓர் உத்தரவும் வந்தது. திரையில் வராத எந்த மூட்டையும் கிட்டங்கியை விட்டு வெளியே போகக் கூடாது.

ஐப்பசியில் மழை விழுந்தது. அண்ணன் போனில் பேசியபோது அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "காலு பொதையுது தாயி! ஏஜெண்ட் அண்ணாச்சிட்ட மல்லிக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வண்டி வருதாம்." கரிசலில் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும். மேல்மண் காய்ந்துவிட்டால் கொத்தமல்லி எழும்பாது. நான்கைந்து நாள் கிடைக்கும், வெயில் அடித்தால் அதுவும் குறையும்.

மறுநாள் கிட்டங்கியிலிருந்து குட்டியானை வண்டி போயிற்று. அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மூட்டை இறங்கியது. அண்ணனுக்கு இல்லை.

நான் கிட்டங்கிக்குப் போன் போட்டேன். மூட்டை ஏற்றுகிறவர், "திரையில வரலம்மா. வந்தா ஏத்த மாட்டோமா?" என்றார். சர்வரில் போய் அந்தச் செய்தியைத் திறந்தேன். முன்பானால் ஒரு பார்வையில் படித்திருப்பேன். இப்போது கட்டம் கட்டமாக, கேள்விக்குறியும் கோணல் எழுத்தும். கோழி கிண்டியது போலக் கிடந்தது. அதைப் படிக்கிற கருவி மாப்பிள்ளையின் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. மாப்பிள்ளை மதுரையில் யார் வீட்டிலோ விருந்தில் இருந்தார்.

"ஆர்டர் வரலைன்னா போடலைன்னு அர்த்தம்" என்றார் போனில். பின்னால் இலை போடுகிற சத்தம் கேட்டது. "திரும்பப் போடச் சொல்லுங்க."

ஏஜெண்ட் அண்ணாச்சி திரும்பப் போட்டார். அதற்கடுத்த நாள் வண்டியிலும் வரவில்லை. அன்று வெயில் என்ன வெயில்! தறிக் கொட்டகைத் தகரம் படபடவென்று வெடித்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் நான் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அதற்கு மறுநாள் சாவகாசமாக வந்து லேப்டாப்பைத் திறந்தார். ஏஜெண்ட் பெயர் இருந்தது. கொத்தமல்லி விதை இருந்தது. அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"பாத்தீங்களா? அளவே போடல. அவங்க தப்பு."

"ரெண்டு தடவையுமா சார் மறப்பாரு? அவரு வாழ்க்கையே ஆர்டர் போடுறதுதான்."

"சிஸ்டம் பொய் சொல்லாதுங்க."

சிஸ்டம் பொய் சொல்லாதாம்! சிஸ்டத்துக்கு வாய் இருந்தால்தானே, இவர்தான் அதை நசுக்கி ஊமையாக்கி வைத்திருக்கிறாரே. நான் நேராக முதலாளி அறைக்குப் போனேன். மாப்பிள்ளை மரியாதை, மண்ணாங்கட்டி மரியாதை எல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"மொதலாளி, எங்க அண்ணனுக்கு ஒரு மூட்டை வேணும். திரையில வருதோ வரலையோ, நான் எடுத்துட்டுப் போறேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "என் பேர்ல எடுத்துக்கம்மா" என்றார்.

மூட்டையோடு திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், "என்னம்மா, பொம்பளைப்பிள்ளை மூட்டையத் தூக்கிட்டு வாரீக, வீட்ல ஆம்பளை இல்லையா?" என்றார். ஆம்பளைகள் எல்லாம் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. திருச்சுழியில் ஷேர் ஆட்டோ பிடித்து முதலில் ஏஜெண்ட் கடைக்குப் போனேன்.

அண்ணாச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. கட்டத்தைத் தொட்டுவிட்டு மைக்கில் பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். என்னைக் கண்டதும், "தாயி, நான் சத்தியமாப் போட்டேன். இப்பவும் போடுறேன், நீயே பாரு" என்று போனை வாய்க்கருகில் கொண்டுபோனார்.

"கொத்தமல்லி வெதை" என்றார். அடுத்த கட்டத்தைத் தொட்டார். "லாபம்" என்றார்.

திரையில் அழகாக எழுத்து விழுந்தது. லாபம்.

எங்கள் பக்கத்தில் எதை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். படியால் அளந்தாலும் மூட்டையை இறக்கினாலும் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். எங்கள் கிட்டங்கியில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் அதுதான். எங்கள் முதலாளி இட்லியைக்கூட அப்படித்தான் எண்ணுவார். ஆனால் அது வாயில் வருகிற சொல். அது ஆர்டர் கட்டத்துக்குள்ளும் வரும் என்று ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லாபம் என்று சொல்லியே பிழைக்கிற குடும்பத்தில் பெண் எடுத்தவருக்கும் தோன்றவில்லை. பதினொன்றும் ஐம்பத்தொன்றும் போட்டுச் சோதித்தார்களே தவிர, ஒற்றை மூட்டை கேட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. அண்ணன் ஊரில் மற்றவர்களெல்லாம் ரெண்டு, மூணு என்று கேட்டவர்கள், அவர்களுக்குப் போய்விட்டது. ஒற்றை மூட்டை கேட்கிறவனெல்லாம் ஒரு வாடிக்கையா?

"அண்ணாச்சி, ஒண்ணுன்னு சொல்லக் கூடாதா?"

"வெதை தாயி இது! வெதையப் போயி ஒத்தைன்னு சொல்லுவாகளா? வெளங்குமா?" என்றார். "நான் எப்பவும் இப்பிடித்தான போடுறேன்? கிட்டங்கில சரியா ஏத்தி விடுவாகளே."

அங்கேயே நின்று கிட்டங்கிக்குப் போன் போட்டேன். மூட்டை ஏற்றுகிறவர் ரொம்ப இயல்பாகச் சொன்னார்: "ஆமாம்மா, அவுக லாபம்னுதான் போடுவாக. நாங்க ஒரு மூட்டை ஏத்துவோம். இப்பப் புதுசு வந்தப்புறம் காணோம்."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. எழுத்து எழுத்தாகவே போய்க்கொண்டிருந்த வரைக்கும் இந்தக் கோடியில் சொன்னது அந்தக் கோடியில் புரிந்தது. நடுவில் இருந்த எங்களுக்கு அது தெரியக்கூட இல்லை.

அண்ணன் காட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் எல்லோரும் விதைத்து முடித்துவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்குவதைப் பார்த்தும் அவன் ஓடி வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் மண்ணைக் கிண்டிக் காட்டினான். கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"மேல காஞ்சிருச்சு தாயி. அடில ஈரம் இருக்கு. மல்லிக்கு அடில இருந்து என்னத்துக்கு ஆகும்?"

"இன்னொரு மழை வராதாண்ணே?"

"வரும். போன வருசமும் இதத்தான் சொன்னேன்."

மதினி வீட்டில் எனக்குச் சோறு போட்டது. போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தது. "ஊரெல்லாம் ஒங்க கம்பெனி வெதைதான் வெதச்சிருக்காக" என்றது. அவ்வளவுதான் சொன்னது. அண்ணன் மகள், "அத்தே, அப்பா திருப்பூர் போனா எனக்கு ஜிமிக்கி வாங்கிட்டு வருமாம்" என்று காதைத் தொட்டுக் காட்டினாள். தேற்றுவதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆபீசில் விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "லாபமா? அய்யோ, செம! இது கார்னர் கேஸ்ங்க, எப்பவாச்சும்தான் வரும்" என்றார். பட்டியலில் லாபம் என்று ஒரு வரி சேர்த்தார். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. "அவ்ளோதான். பாத்தீங்களா, பைனரில கோளாறு இல்ல."

"சார், தெரியாத சொல்லு வந்தா என்ன ஆகும்?"

"பூஜ்யம்னு எடுத்துக்கும்."

"அந்தப் பூஜ்யத்தையாவது காட்டியிருக்கலாம்ல? எங்க அண்ணன் வரியே திரையில வரலையே."

"அளவு இல்லாத வரியத் திரை காட்டாது. பூஜ்யத்தை அனுப்பவே மாட்டோம். அதான் இதோட அழகே. எடம் மிச்சம்."

"எவ்வளவு எடம் மிச்சம்?"

யோசித்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு பைட்."

தமிழில் ஓர் எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும்; இரண்டில் ஓர் எழுத்தைக்கூட முழுசாக எழுத முடியாது. முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். "சரி, மாப்ளை சரி பண்ணிட்டாகள்ல" என்றார். அன்று மதியம் ஏஜெண்டுகள் எல்லோருக்கும், நம் கம்பெனி இப்போது முன்னைவிட வேகம் என்று ஒரு செய்தி போயிற்று. அதை எழுத்தில்தான் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் ஒரு தூறல்கூட விழவில்லை. கார்த்திகை பிறப்பதற்கு முதல் நாள் அண்ணன் திருப்பூருக்குக் கிளம்பினான். பிரிக்காத விதை மூட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தன் பையோடு அருப்புக்கோட்டை வரைக்கும் தூக்கி வந்தான். பஸ் ஸ்டாண்டில் அதை என் காலடியில் இறக்கி வைத்தான். உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஒன்னையச் சொல்லி என்ன செய்ய, தாயி. நீதான தூக்கிட்டு வந்த" என்றான். "பொங்கலுக்கு வாரேன்."

மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் திரும்புகிற வரைக்கும் கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான்.

நான் ஆட்டோவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். திரும்பி வருகிற சரக்கையும் இப்போது ஆப்பில்தான் ஏற்ற வேண்டுமாம். மூட்டையை வாங்கிக்கொண்டவர் போனை வாய்க்கருகில் பிடித்து, "கொத்தமல்லி வெதை" என்றார். மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "லாபம்" என்றார்.

திரையில் ஒன்று என்று சரியாக ஏறியது. அண்ணனின் பஸ் அதற்குள் காரியாபட்டியைத் தாண்டியிருக்கும்.